ஒரே குழாயில் மூன்று அடைப்பு: எதை முதலில் திறப்பது?

நலம் நாடி – மாதந்தோறும் மருத்துவப் பகுதி



இம்மாதம் பதிலுக்கு எடுத்துக்கொண்ட கடிதம் கொல்லிமலையிலிருந்து வந்ததாகும். எழுதியவர் ஒரு சகோதரி. அவருடைய கணவர், மலையில் விளையும் மிளகையும் காப்பிக் கொட்டையையும் வாங்கி அடிவாரத்து ஊர்களுக்கு அனுப்பும் சிறு வணிகர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குப் பயன்படுமானால் செய்தியை வெளியிடலாம் என்று இசைவு தந்துள்ளார். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

“என் கணவருக்கு வயது ஐம்பத்தாறு. சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு வருகிறார். மேட்டில் ஏறும்போது நெஞ்சை இறுக்குகிறது. சற்று நின்றால் விட்டுவிடுகிறது. மூன்று மாதம் மருந்து உண்டும் குறையவில்லை. சேலத்தில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இருதயத்தின் முன்பக்கமாக இறங்கும் ஒரே குழாயில் மூன்று இடங்களில் அடைப்பு என்றார்கள். டாக்டர், ‘முதலில் ஒரு கம்பியைச் செலுத்தி அழுத்தத்தை அளக்க வேண்டும், அதன் பிறகே எத்தனை ஸ்டென்ட் என்று சொல்ல முடியும்’ என்கிறார். அந்தக் கம்பிக்குத் தனிக் கட்டணமாம். என் கொழுந்தனாரோ, ‘படத்திலேயே மூன்றும் தெரிகிறது. மூன்றையும் வைத்துவிட வேண்டியதுதானே? அளவு என்பது பில்லை ஏற்றும் வேலை’ என்கிறார். மகளின் நிக்காஹ்வுக்கென்று சேர்த்த பணம்தான் கையில் இருக்கிறது. அளக்கச் சொல்வதா, மறுப்பதா?”

இத்தகைய கடிதத்தை இதழ் வரும்வரை வைத்திருக்க இயலாது. ஆகவே, “அளக்கச் சொல்லுங்கள்” என்று அன்றே அஞ்சலில் பதில் எழுதிவிட்டேன். ஏன் அவ்வாறு எழுதினேன் என்பதை வாசகர்கள் அனைவருக்குமாக இங்கு விளக்குகிறேன். இன்று நம் குடும்பங்களில் ஆஞ்சியோகிராம் எடுக்காத வீடு குறைவு. இதே கேள்வி நாளை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

படம் காட்டுவதும் காட்டாததும்

இருதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தை, தன்மேல் படர்ந்திருக்கும் சிறு குழாய்களின் வழியாகவே பெறுகிறது. இவ்வுண்மையை உணர்ந்து எழுதியவர்களில் முன்னோடி, டமாஸ்கஸில் கற்று கெய்ரோவில் மருத்துவப் பணியாற்றி 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ் ஆவார். இருதயத்தின் அறைக்குள் நிற்கும் இரத்தமே அதற்கு உணவாகிறது என்ற பழைய கருத்தை அவர் மறுத்தார். இருதயத்தின் உடலுக்குள் பரவிச் செல்லும் குழாய்களே அதை ஊட்டுகின்றன என்றார். அந்தக் குழாய்களில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து உள்வழி குறுகுவதைத்தான் நாம் ‘அடைப்பு’ என்கிறோம். பெரும்பாலும் அது முழு அடைப்பன்று; சுருக்கமே ஆகும்.

ஆஞ்சியோகிராம் என்பது அக்குழாய்களுக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படமாகும். சாயம் நிறைந்த உள்வழியின் நிழலை அது காட்டுகிறது. எங்கே ஒடுங்கியிருக்கிறது என்பதை நன்றாகவே காட்டும். ஆனால் அந்த ஒடுக்கத்தைத் தாண்டி எவ்வளவு இரத்தம் செல்கிறது என்பதைக் காட்டாது. ‘எழுபது சதவீதம் அடைப்பு’ என்று கூறுவது பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு தேர்ந்த மருத்துவர்கள் இரண்டு எண்களைக் கூறுவதுண்டு.

இம்மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு அளவுகள் இருக்கின்றன. ‘ஃபேம்’ என்னும் பெரிய ஆய்வில், படத்தில் 50 முதல் 70 சதவீதம் அடைப்பு என்று மதிப்பிட்ட சுருக்கங்களை அழுத்தக் கம்பியால் அளந்து பார்த்தார்கள். அவற்றுள் உண்மையில் இரத்த ஓட்டத்தைத் தடுத்தவை நூற்றுக்கு 35 மட்டுமே. 71 முதல் 90 சதவீதம் என்று கணித்தவற்றிலும் நூற்றுக்கு 20 தடுக்காதவையாக இருந்தன. 90 சதவீதத்திற்கு மேற்பட்டவற்றில்தான் கண்ணும் கம்பியும் ஏறத்தாழ ஒரே தீர்ப்பைக் கூறின.

ஒரே ஒரு சுருக்கம் இருந்தாலே நிலைமை இது. ஒரே குழாயில் மூன்று சுருக்கங்கள் வரிசையாக நின்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏனெனில் அவை ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

எழுபது வளைவுப் பாதையிலிருந்து ஒரு பாடம்

சகோதரிக்கு நான் எழுதிய விளக்கத்தையே இங்கும் தருகிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழைக்காலத்தில் ஒரு வளைவில் மண் சரிந்து, ஒவ்வொரு வண்டியாகத்தான் கடக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே வேறொரு வளைவிலும் பாறை உருண்டு பாதி வழியை அடைத்திருக்கிறது. ஆயினும் அந்த மேல்வளைவில் நெரிசல் ஏதும் தெரியாது. அங்கே வந்து சேரும் வண்டிகளே குறைவு; அவை தடையின்றிப் போய்விடும். அங்கு நின்று பார்ப்பவர், “இங்கே குறையொன்றும் இல்லை” என்பார். கீழ்வளைவின் மண்ணை அள்ளி வழிவிட்ட மறுநிமிடமே வண்டிகள் அணியாக ஏறி வரும். அப்போதுதான் மேல்வளைவின் பாறை எவ்வளவு பெரிய தடை என்பது வெளிப்படும்.

இரத்தக் குழாயிலும் இதுவே நடக்கிறது. ஒரு சுருக்கத்தைத் தாண்டும்போது இழக்கப்படும் அழுத்தம், அதன் வழியே பாயும் இரத்தத்தின் அளவைப் பொறுத்தது. பாய்ச்சல் குறைந்தால் இழப்பும் குறையும். பாய்ச்சல் கூடினால் இழப்பும் கூடும். முதல் சுருக்கம் பாய்ச்சலைக் குறைத்துவிடுவதால் இரண்டாவது சாதுவாகத் தோன்றும். இரண்டாவது குறைத்துவிடுவதால் முதலாவதும் சாதுவாகத் தோன்றும். ஒன்றைத் திறந்த பின்னரே மற்றதன் உண்மை உருவம் தெரியவரும்.

கம்பி எவ்வாறு அளக்கிறது?

இரத்தத்தின் அழுத்தத்தை அளக்கும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்ததை 1733இல் நூலாக வெளியிட்டார். 1977 செப்டம்பர் 16ஆம் நாள் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூண்ட்சிக் முதன்முதலாக இருதயக் குழாயைப் பலூனால் விரித்தபோது, சுருக்கத்தின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளந்தே பலனைக் கணித்தார். இந்தியாவில் இச்சிகிச்சை 1980களில் வேரூன்றியது. அதில் முன்னோடியாக விளங்கியவர், சென்னையில் பணியாற்றிய டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்.

தொடக்கக் காலத்தில் அளக்கும் குழாயே தடிமனாக இருந்தது. ஒடுங்கிய வழியில் அதுவே ஒரு தடையாக நின்றதால் அளவு பிழைத்தது. மயிர் போன்ற மெல்லிய கம்பியிலேயே அழுத்தத்தை உணரும் கருவியைப் பொதிக்க முடிந்த பின்னர்தான் இம்முறைக்கு உயிர் வந்தது. நெதர்லாந்தின் நிக்கோ பெய்ல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி புரூயினும் 1990களில் இதற்கான கணக்கை வகுத்துத் தந்தனர். ‘ஃப்ராக்‌ஷனல் ஃப்ளோ ரிசர்வ்’ என்பது இவ்வளவின் பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாக ‘எஃப்.எஃப்.ஆர்.’ என்பார்கள்.

செய்முறை எளிது. ஆஞ்சியோகிராம் செய்த அதே மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ, ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைச் சுருக்கங்களுக்கு அப்பால் செலுத்துகிறார்கள். குழாயின் வாயில் உள்ள அழுத்தம் ஒருபுறமும், கடைக்கோடியில் உள்ள அழுத்தம் மறுபுறமும் திரையில் ஓடும். பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பதே அளவு. நல்ல குழாயில் அது 1க்கு நெருங்கியிருக்கும். 0.80 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், அந்தக் குழாய் ஊட்டும் தசைக்கு உழைப்பின்போது இரத்தம் போதவில்லை என்று பொருள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மலைச் சுனையிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வீட்டுத் திருகையும் மூடி வைத்துவிட்டு, குழாய் எங்கே நசுங்கியிருக்கிறது என்று அறிய முடியாது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால்தான் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று புலப்படும். இருதயத்திலும் அவ்வாறே. ‘அடினோசின்’ என்ற மருந்தைச் செலுத்தினால் தசைக்குள் உள்ள நுண்குழாய்கள் முழுமையாகத் திறந்துகொள்ளும். மேட்டில் ஏறும்போது வேண்டப்படும் பாய்ச்சல், படுத்த நிலையிலேயே உண்டாகும். அந்த வேளையில் நெஞ்சு கனப்பதும், மூச்சு முட்டுவதும், முகம் சூடேறுவதும் உண்டு. மருந்தை நிறுத்திய ஓரிரு நிமிடங்களில் அவை நீங்கிவிடும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் கூறிவிட வேண்டும்.

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வாழும் சகோதரிக்கு இன்னொன்றையும் எழுதினேன். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் இம்மருந்தின் வேலையைத் தடுக்கக்கூடியது. ஆகையால் சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பிருந்து அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டு, அதன்படி நடக்க வேண்டும்.

மருந்து செலுத்தாமல், இருதயம் ஓய்ந்திருக்கும் நிலையிலேயே அளக்கும் முறைகளும் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றான ‘ஐ.எஃப்.ஆர்.’ முறையை, 2017இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் எஃப்.எஃப்.ஆருடன் ஒப்பிட்டன, ஓராண்டு முடிவில் பலன் இரண்டிலும் ஒத்தே இருந்தது. அதற்குரிய எல்லை 0.89 ஆகும்.

ஒன்றைத் திற, மீண்டும் அள

இனி, வரிசையாக நிற்கும் சுருக்கங்களுக்கு வருவோம். கம்பி கடைக்கோடியில் இருக்கும்போது கிடைக்கும் எண், எல்லாச் சுருக்கங்களும் சேர்ந்து செய்த கேட்டின் மொத்தக் கணக்கே ஆகும். யார் எவ்வளவு செய்தார் என்பதை அது கூறாது. அதை அறியக் கம்பியை மெல்ல மெல்லப் பின்னோக்கி இழுக்கிறார்கள். ஒவ்வொரு சுருக்கத்தையும் கடக்கும்போது திரையில் அழுத்தம் ஒரு படி ஏறும். எந்த இடத்தில் படி பெரிதாக இருக்கிறதோ அந்த இடமே முதலில் கவனிக்கப்பட வேண்டியது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். குழாயின் வாயில் அழுத்தம் 100. முதல் சுருக்கத்தைத் தாண்டியதும் 80. இரண்டாவதையும் தாண்டியதும் 55. ஆக மொத்த அளவு 0.55, இது மோசமான நிலை. முதலாவது பறித்தது 20. இரண்டாவது பறித்தது 25. “முதலாவதைத் தாண்டிய பின்னும் 80 இருக்கிறதே, அதை விட்டுவிடலாம்” என்று தோன்றும். இரண்டாவதை ஸ்டென்டால் திறக்கிறார்கள். பாய்ச்சல் கூடுகிறது. இப்போது மீண்டும் அளந்தால், முதலாவது பறிப்பது 20 அன்று; ஏறத்தாழ 27 ஆகிவிடுகிறது. மிஞ்சுவது 73, அதாவது 0.73. எனவே முதலாவதையும் திறந்தாக வேண்டும். இடையில் பெரிய கிளைகளோ, வேறு குழாய்களிலிருந்து வரும் உதவியோ இல்லை என்று கொண்ட கணக்கு இது. ஆயினும் பாடம் அதுவே: முன்பு அளந்த 20, உண்மையான 20 அன்று.

பெய்ல்ஸும் டி புரூயினும் அவர்தம் குழுவினரும், இரண்டு சுருக்கங்களில் ஒவ்வொன்றின் உண்மைத் தன்மையையும் முன்கூட்டியே கணிக்கும் சூத்திரத்தை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். விலங்குகளிலும் பின்னர் நோயாளிகளிலும் சோதித்து, அது பொருந்துவதைக் காட்டினார்கள். ஆனால் அதைப் பயன்படுத்த, பலூனால் குழாயைச் சிறிது நேரம் முற்றிலும் அடைத்து இன்னோர் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். அன்றாடச் சிகிச்சையில் அவ்வளவு தூரம் செல்வதில்லை. பெரிய படியை முதலில் திற, மீண்டும் அள, தேவையானால் மட்டும் அடுத்ததைத் திற என்பதே நடைமுறையில் நிலைத்த விதியாகும்.

அருவியா, சரிவா?

பின்னோக்கி இழுக்கும்போது சிலருக்குப் படியே தென்படுவதில்லை. ஆகாய கங்கை அருவியில் தண்ணீர் ஒரே இடத்தில் தலைகுப்புற விழுகிறது. அதே நீர் ஐயாறாகச் சரிவில் ஓடும்போது சிறிது சிறிதாக இறங்குகிறது. இரண்டிலும் தண்ணீர் கீழே வந்து சேருகிறது. வந்த விதம் வேறு. இரத்தக் குழாயிலும் அழுத்தம் அருவியைப்போல ஓரிடத்தில் விழுந்தால், அவ்விடத்தில் ஸ்டென்ட் வைத்துப் பயன் பெறலாம். குழாய் நெடுகிலும் படிவு பரவி, அழுத்தம் சரிவாகக் குறைந்துகொண்டே வந்தால், ஓரிடத்தில் ஸ்டென்ட் வைப்பதால் பெரும்பயன் விளைவதில்லை. அத்தகையோருக்கு மருந்தும் கட்டுப்பாடுமே முதன்மையான வழி. சிலருக்கு பைபாஸ் அறுவை தேவைப்படும். படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

செலவைப் பற்றி

“பில்லை ஏற்றும் வேலை” என்ற கொழுந்தனாரின் ஐயத்தை நான் குறை கூறவில்லை. ஐயப்படும்படியான அனுபவங்கள் நம் மக்களுக்கு உண்டு. ஸ்டென்டின் விலை எல்லை மீறிப் போனதால்தான் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று அப்போது வரி நீங்கலாக நிர்ணயித்தார்கள். ஆனால் இங்கே அவருடைய ஐயம் தவறான பக்கம் திரும்பிவிட்டது. அளக்காமல் மூன்று ஸ்டென்ட் வைப்பது எளிது. அளந்து ஒன்றோடு நிறுத்துவதற்கே பொறுமை வேண்டும்.

2009இல் வெளியான ‘ஃபேம்’ ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் நோயுள்ள 1,005 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குப் படத்தைப் பார்த்து ஸ்டென்ட். மறுபிரிவினருக்கு அழுத்தத்தை அளந்து, 0.80க்கு மேற்படாத இடங்களுக்கு மட்டும் ஸ்டென்ட். முதல் பிரிவில் ஒருவருக்குச் சராசரி 2.7 ஸ்டென்ட், அளந்த பிரிவில் 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மீண்டும் சிகிச்சை ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 18.3 பேர், அளந்த பிரிவில் 13.2 பேர். குறைவாக வைத்தவர்களே கூடுதல் நலம் பெற்றார்கள்.

காரணம் இதுதான். ஸ்டென்ட் என்பது உடலுக்குள் நிரந்தரமாகத் தங்கும் அந்நியப் பொருள். அதற்குள் இரத்தம் உறையலாம். மீண்டும் தசை வளர்ந்து சுருங்கலாம். தேவையான இடத்தில் வைத்தால் நன்மை அந்த ஆபத்தை விஞ்சும். தேவையற்ற இடத்தில் வைத்தால் ஆபத்து மட்டுமே மிஞ்சும். அழுத்தக் கம்பியால் குழாய்க்குக் காயம் உண்டாகும் வாய்ப்பும் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அரிது.

காத்திருக்கக் கூடாத வேளை

இதுவரை கூறியவை யாவும், உழைக்கும்போது வந்து ஓய்வில் நீங்கும் நெஞ்சிறுக்கம் உள்ளவர்களுக்கே பொருந்தும். இவர்களுக்கு யோசிக்கவும், அளக்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் நேரம் உண்டு. 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் இத்தகைய 5,179 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நல்ல மருந்துகளை மட்டும் தொடங்கியவர்களைவிட, உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களிடம் மரணம் குறையவில்லை. நெஞ்சுவலித் தொல்லை குறைந்தது. ஆகவே “இன்றே வைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து” என்ற பதற்றம் இந்நிலையில் பொதுவாகத் தேவையற்றது. இடப்பக்க முதன்மைக் குழாயின் வாயிலிலேயே கடுமையான சுருக்கம் உள்ளவர்கள் இதற்கு விலக்கு.

ஓய்ந்திருக்கும்போதே நெஞ்சை அழுத்தி, வியர்த்து, தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால் கதை முற்றிலும் வேறு. அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது அளவும் ஆலோசனையும் பேசிக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும். எழுபது வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டிய மலைவாசிகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் பெரிது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு உள்ளது. உங்களுக்கு அருகிலுள்ள நிலையம் எது, அது எந்நேரத்தில் திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஆஞ்சியோகிராம் முடிந்து ஸ்டென்ட் என்ற பேச்சு எழுந்தால், பணிவுடன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. இது அவசர நிலையா, யோசிக்க நேரம் உண்டா?

2. மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா?

3. எந்தச் சுருக்கம் உண்மையில் இரத்தத்தைத் தடுக்கிறது என்று அளக்க இயலுமா?

4. ஒரே குழாயில் பல சுருக்கங்கள் இருந்தால், ஒன்றைத் திறந்த பின் மீண்டும் அளப்பீர்களா?

5. சர்க்கரை நோயுடன் பல குழாய்களில் அடைப்பு இருந்தால், பைபாஸ் மேலானதா?

6. அளக்கும் கம்பியின் கட்டணம் எவ்வளவு? காப்பீட்டில் அடங்குமா?

நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்காகக் கோபம் கொள்ள மாட்டார். படத்தைக் காட்டி விளக்கவே செய்வார்.

இரண்டாவது கடிதம்

ஐந்து வாரங்களுக்குப் பின் அச்சகோதரியிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. மருத்துவமனை அறிக்கையையும் படி எடுத்து அனுப்பியிருந்தார். கடைக்கோடியில் அளந்தபோது அளவு 0.60. கம்பியைப் பின்னோக்கி இழுத்தபோது, நூற்றில் முதல் சுருக்கம் பறித்தது 8, நடுவிலுள்ளது 30, கடைசியிலுள்ளது 2. படத்தில் பார்வைக்குக் கொடியதாகத் தெரிந்தது முதல் சுருக்கம். உண்மையில் தடுத்தது நடுச் சுருக்கம். நடுவில் மட்டும் ஒரு ஸ்டென்ட் வைத்து மீண்டும் அளந்தார்கள். பாய்ச்சல் கூடியதால் முதலாவதன் பங்கு 11 ஆகவும், கடைசியதன் பங்கு 3 ஆகவும் உயர்ந்தன. ஆயினும் மொத்த அளவு 0.86. எல்லைக்கு மேலே வந்துவிட்டதால் மற்ற இரண்டையும் தொடாமல் விட்டார்கள்.

“இப்போது மேட்டில் நிற்காமல் ஏறுகிறார், அல்ஹம்துலில்லாஹ். கொழுந்தனாரே அறிக்கையை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, ‘அண்ணி, நீங்கள் கேட்டதுதான் சரி’ என்றார். நிக்காஹ் பணத்தில் ஒரு பகுதி செலவாயிற்று, மீதி இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார்.

சகோதரியே, மகிழ்ச்சி. ஆனால் இரண்டு சுருக்கங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அவை இன்று தடுக்கவில்லை. கவனியாமல் விட்டால் நாளை தடுக்கலாம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் தொடர வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் காக்கும் இரு மாத்திரைகளை, டாக்டர் குறித்த காலம் முடியும்வரை ஒரு நாளும் விடக் கூடாது. ரமலான் வருகிறதென்றால், நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தாமாகவே நிறுத்தியவர்களுக்கு ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வந்ததுண்டு.

உங்கள் கணவர் அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும்போது அந்த அறிக்கையை மறவாமல் எடுத்துச் செல்லட்டும். 0.86 என்ற அந்த எண், இனி வரும் மருத்துவர் எவருக்கும் பயன்படும். படத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்த மாதம், இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளப்பதில் நாம் செய்யும் பிழைகளைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.